ஷாஃப்ட்டில் நான் போட்ட கோடு

தம்பி,

இவ்வளவு நேரங்கழித்து உன் போனில் பக்கம் பக்கமாக வந்து விழுவதற்கு முதலில் உன் அம்மாவை மன்னித்துவிடு. மணி பன்னிரண்டே முக்கால். நாலு மணிக்கு எழுந்து நீ ஹுத்தான் மெலிந்தாங் படகுத்துறையில் ஐஸ் ஏற்ற நிற்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் தங்கை பவியின் பழைய கணக்கு நோட்டில் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இந்த வாரம் இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை சாப்பிட்டாயா என்று கேட்டேன். இரண்டாவது தடவை அங்கே மழையா என்று கேட்டேன். மழை இல்லை, என்ன விஷயம் என்றாய். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். பேசும்போது பேச்சை மாற்ற எனக்கு நன்றாக வரும். எழுதும்போது மாற்றினால், மேலே போய்த் திரும்ப வாசித்ததும் எனக்கே தெரிந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பத்தாவது பக்கத்திலும் அது வராது. பிக்கப் வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஆடுகிறதே, அதற்குக் காரணம் உன் கை இல்லை. நீ செய்த வேலை சரி. நடுவில் நான் ஒன்று செய்தேன், அதை ஆறு மாதமாக மறைத்தேன். வருகிற சனிக்கிழமை ஈப்போ வந்து, உன் டூல்ஸ் பெட்டியை ஜெலாப்பாங் பட்டறைக்காரரிடம் விற்றுவிட்டு, இனிமேல் ஸ்பேனரைத் தொடப்போவதில்லை, ஐஸ் கம்பெனியிலேயே நிரந்தரமாகக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று சொன்னாய். அதைச் செய்வதற்கு முன்னால் இதைக் கடைசிவரை படி. படித்து முடிக்கும்வரை அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்காதே.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் திரும்பச் சொல்கிறேன். ஆனால் நீ நின்ற இடத்திலிருந்து அது முழுதாகத் தெரிந்திருக்காது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். கூடாரமும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு கல்யாண வீடுகளுக்கு அப்பா ஓட்டும் பிக்கப் மெதுவாகப் போகும்போது கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. நாற்காலிக் கால் உரசுகிறது என்றார் அப்பா. "அண்ணே, வண்டிக்குள்ள எலி குடும்பம் நடத்துதுலா" என்று உன் தங்கை தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். நீ சிரிக்கவில்லை. அப்பாவை நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொல்லி, புந்தோங்கில் நம் சந்து முழுக்க வண்டியோடு குனிந்தபடி நடந்தாய். உன் கால் மேல் சக்கரம் ஏறிவிடுமோ என்று நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்ததும், சக்கரம் வேகமாகச் சுற்றினால் சத்தமும் வேகமாகிறது, நின்றால் நின்றுவிடுகிறது, அதனால் எஞ்சின் இல்லை என்றாய். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றச் சொன்னாய். அடியில் டக் என்று ஒரு சத்தம். கியர்பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற அந்த நீளமான இரும்புக் குழாய், ஷாஃப்ட், அதன் நுனியில் சிலுவை மாதிரி இருக்கிற ஜாயின்ட் காய்ந்து தேய்ந்துவிட்டது என்று சொன்னாய். அடியில் படுத்துப் பார்த்தாய், அதன் மூடியைச் சுற்றித் துருப்பொடி சிவப்பாகக் கொட்டியிருந்தது. காதால் கேட்டே சொன்னாய் தம்பி. அப்பா அப்போதும், ஜெலாப்பாங்கில் விட்டால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், இவன் எதற்கு என்றார். அவன் வண்டி வேலை படித்தது எதற்கு என்று சண்டை போட்டு உன்னிடம் வண்டியை வாங்கிக்கொடுத்தது நான். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்.

பூஜைக்கு முந்தின நாள் வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அடியில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டாய்: "அம்மா, உங்க ஆபீஸ் வெள்ளை மை இருக்கா?" கையுறைத் தொழிற்சாலையில் எழுத்துப் பிழையை மறைக்க நாங்கள் வைத்திருக்கும் அந்தச் சின்ன பாட்டில். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உன் பக்கத்தில் குனிந்து பவி என் போனை வைத்துக்கொண்டு எதையோ படமெடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், பரீட்சை நேரம் என்று அவள் போனை நான் பூட்டி வைத்திருந்ததால். நீ ஷாஃப்ட்டைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற அந்தப் பற்கள் உள்ள இடத்தில் இரண்டு பாதியாக இழுத்து, போர்ட்டிகோவில் பேப்பர் விரித்துக் கிடத்தினாய். சாயங்காலத்துக்குள் புது ஜாயின்ட்டை அடித்து ஏற்றிவிட்டாய். அதைப் பிடித்து நிறுத்துகிற பூட்டு வளையம் ஒன்று குறைந்தது, கடையை மூடிவிட்டார்கள், காலையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று குளித்துவிட்டுக் கோயிலில் தோரணம் கட்டப் போனாய்.

நான் பூஜைக்குத் துடைக்க உட்கார்ந்தேன். உனக்குத் தெரியும், வண்டி விஷயத்தில் நான் மற்றவர்களைப் போல இல்லை. எனக்கு ஒன்பது வயதில், எஸ்டேட்டில் ரப்பர் பால் ஏற்றிப் போகும் லாரியில் என் அப்பா கிளீனராக இருந்தார். ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த லாரியின் முன்பக்க ஜாயின்ட் உடைந்து, குழாய் கீழே விழுந்து செம்மண் ரோட்டில் குத்தி, லாரியையே ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. அவருக்கு இடது கால் அதற்குப் பிறகு நேராகவில்லை. அதனால் அந்தக் குழாய் நம் வீட்டு வாசலில் எண்ணெய்ப் பிசுக்கோடு இரண்டாகக் கிடந்ததைப் பார்த்தபோது, அதை அப்படியே சாமி முன்னால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து இரண்டு பாதியையும் பளபளவென்று துடைத்தேன். விபூதிப் பட்டை போட்டேன், சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். எல்லாம் முடிந்து துணியை உதறும்போதுதான் அதில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

இரண்டு பாதியின் நுனியிலும் நீ ஒவ்வொரு கோடு போட்டிருந்தாய் என்பது ஞாபகத்துக்கு வந்தது. எங்கே என்பது வரவில்லை. உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், கோயில் இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் என் மனசு எப்படி ஓடியது என்றால், ஒரு கோடுதானே, அழித்த நானே போட்டுவிட்டால் தீர்ந்தது. பாட்டில் அங்கேயே இருந்தது. அதே மை, அதே தூரிகை. ஒரு பாதியில் ஒரு கோடு, மற்றதில் ஒரு கோடு, பார்க்க அழகாக, சந்தனப் பொட்டுக்கு நேராகப் போட்டேன். போட்டு முடித்ததும் நிம்மதியாகக்கூட இருந்தது. பூஜைக்கு வைத்ததைப் படமும் எடுத்துக்கொண்டேன்.

காலையில் நீ அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் இரண்டு பாதியையும் சேர்த்தாய். என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று சொல்ல முடியாது, உன்மேல் உனக்கு இருந்த நம்பிக்கை அது. நீ போட்ட கோடு என்று நினைத்தாய். அப்பா தேங்காய் உடைத்தார், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், சந்து முழுக்க ஒரு சுற்று ஓட்டிவந்தார். கீச்சும் இல்லை, டக்கும் இல்லை. எதிர்வீட்டு அக்காவிடம் "நம்ம பையன் போட்டது" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். நீயும் கேட்டாய், காதில் விழாத மாதிரி டயரைத் தட்டிக்கொண்டிருந்தாய். மறுநாள் தெலுக் இந்தானுக்கு லோடு போய்வந்த அப்பா கதவைச் சாத்திய சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எண்பதுக்கு மேல் முதுகில் மாவு அரைக்கிற மாதிரி இருக்கிறது, பின்னால் நாற்காலிகள் தானாக நடக்கின்றன என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நீ ஓட்ட, நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்து போன நாள். பத்து காஜா ஊரைத் தாண்டி அந்தப் பழைய எஸ்டேட் ரோடு, இப்போது முழுக்கச் செம்பனைத் தோட்டம், போக்குவரத்தே இல்லாத நேர் ரோடு. அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. அறுபது, ஒன்றுமில்லை. எழுபது, லேசாக. எண்பது, வந்துவிட்டது. ஸ்டீரிங் நடுங்குகிறதா, சீட் நடுங்குகிறதா, காலடியில் நடுங்குகிறதா என்று கேட்டாய். சீட்டும் காலடியும் என்றேன். அப்படியானால் முன்டயர் இல்லை என்றாய். அதே எண்பதில் ஐந்தாவது கியரிலிருந்து நாலாவதுக்கு மாற்றினாய். எஞ்சின் சத்தம் ஏறியது, நடுக்கம் அப்படியே இருந்தது. நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக உருளவிட்டாய், அப்போதும் இருந்தது. எஞ்சின் இல்லை, கியர்பெட்டி இல்லை, அதற்குப் பின்னால் சுற்றுகிற ஏதோ ஒன்று. டயராக இருந்தால் இன்னும் மெதுவாக, தொம் தொம் என்று தூக்கிப்போடும், இது வண்டு மாதிரி வேகமாக இரைகிறது, ஷாஃப்ட்டுத்தான் என்று சொன்னாய். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் வீட்டில் ஒருவன் இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி யோசிக்கிறான் என்று.

திரும்பும்போது ரோட்டோரக் கடையில் ஐஸ் டீ குடித்தோம். ஸ்ட்ராவின் மேலும் கீழும் மடித்து எனக்குக் காட்டினாய். மேல் ஜாயின்ட் சுற்றும்போது ஒரு ஆட்டம் தரும், கீழ் ஜாயின்ட் அதற்கு எதிராக ஆடி அதைச் சரிக்கட்டும், கம்பெனியில் எந்தக் கோணத்தில் சேர்த்தார்களோ அதே கோணத்தில் திரும்பச் சேர்ந்தால்தான் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும் என்றாய். பிறகு ஸ்ட்ராவைக் குப்பையில் போட்டுக்கொண்டே சொன்னாய்: "ரெண்டு பல்லு தள்ளிப் போட்டாலும் போச்சும்மா. இந்த வண்டியில கண்ணால பாத்து சொல்ல முடியாது. நல்லவேளை, நான் கோடு போட்டு வச்சேன்."

அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். தெரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா, டீயில் சீனி அதிகம் என்றேன்.

வீட்டுக்கு வந்து வண்டியைத் தூக்கினாய். நான் டார்ச் பிடித்தேன். கையால் ஷாஃப்ட்டைச் சுற்றினாய், ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பிடித்து முறுக்கிப் பார்த்தாய், ஆட்டமில்லை. நடுவில் குழாயைத் தாங்குகிற பேரிங்கின் ரப்பரில் ஒரு கீறல் இருந்தது, அதை மாற்றிப் பார்க்கலாம் என்றாய், மாற்றினாய், அதற்குப் பிறகும் எண்பதில் வந்தது. பின்டயரை முன்னால் போட்டுப் பார்த்தாய், வந்தது. கடைசியாக ஒரு தடவை உள்ளே போய் ரொம்ப நேரம் அசையாமல் படுத்திருந்தாய். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "என் கோடு நேராத்தான் இருக்கும்மா. அப்ப என் கைதான்." டார்ச் என் கையில் எரிந்துகொண்டிருந்தது. அது உன் கோடு இல்லைடா என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். நான் டீ போடட்டுமா என்று கேட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று ஆறு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் கோபத்துக்குப் பயம் என்று முதலில் சொல்லிக்கொண்டேன், அது பொய். அவர் என்னைத் திட்டினால் ஒரு நாள் திட்டுவார். உன் முகத்துக்குத்தான் பயந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்குள் அப்பா, கூடாரம் கட்டும் ஆட்கள் இரண்டு பேர் நிற்கும்போதே, வண்டி ஏன் இன்னும் ஆடுகிறது என்று உன்னைக் கேட்டுவிட்டார். ஷாஃப்ட்டை பேலன்ஸ் பார்க்கும் பட்டறைக்கு ஒரு நாள் கொடுங்கள் என்றாய் நீ. கல்யாண சீசனில் ஒரு நாள்கூட வண்டி நிற்க முடியாது என்றார் அவர். அதற்கு மேலும் ஒன்று சொன்னார்: "சர்டிபிகேட்ட சுவத்துல மாட்டு. வண்டியில மாட்டாத." அந்த ஆட்களில் ஒருவன் சிரித்தான். நீ சிரித்தவனைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாய். "சரிப்பா. எப்படியும் நீங்க லோரி வாங்கப்போறீங்க. இந்த வண்டிய எனக்குக் குடுத்துருங்க. நான் கெடுத்தத நானே ஓட்டிக்கிறேன்." அந்த வாரமே நீ பார்த்துக்கொண்டிருந்த பட்டறை வேலையை விட்டாய். அப்பாவுக்கு லாரி வந்ததும் பிக்கப்பை எடுத்துக்கொண்டு, கூட்டாளி ஒருவன் இருக்கிறான் என்று கடற்கரைப் பக்கம் போய் மீன்பெட்டியும் ஐஸும் ஏற்ற ஆரம்பித்தாய். அதற்குப் பிறகு சொல்வது இன்னும் பெரிதாகிவிட்டது. ஒரு கோட்டைப் பற்றிச் சொல்லவேண்டியது போய், நீ வீட்டைவிட்டுப் போனதைப் பற்றிச் சொல்லவேண்டியதாகிவிட்டது.

இது முதல் தடவையும் இல்லை என்பதை இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன். நான் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நீ பிறந்தாய். என் வயசுப் பெண்கள் எல்லாரும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு கையில் உன்னையும் ஒரு கையில் ரசாயனப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டிலும் பிழை விட்டுவிடக்கூடாது என்ற நடுக்கத்திலேயே இருந்தேன். அந்த நடுக்கம் என்னைவிட்டுப் போகவேயில்லை. ஆறு வயதில் நீ ஒரு பஸ் வரைந்தாய், சக்கரங்களை பஸ்ஸுக்கு மேலே போட்டிருந்தாய். அடியில் இருப்பது தெரிவதற்காக வண்டியைக் கவிழ்த்து வரைந்திருக்கிறேன் என்று சொன்னாய். நீ தூங்கியபிறகு நான் அதை அழித்து, சக்கரத்தைக் கீழே வைத்து, நேராக வரைந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். டீச்சர் நட்சத்திரம் போட்டார். நீ அதற்குப் பிறகு வரைந்த ஞாபகம் எனக்கு இல்லை. நாலாம் படிவ வகுப்புக்குப் போகும்போது அறிவியல் பிரிவுக்கான விண்ணப்பப் படிவத்தை உன்னைக் கேட்காமல் நிரப்பியதும் நான்தான், அங்கே இரண்டு வருஷம் நீ பட்ட பாடு உனக்குத் தெரியும். தொழிற்கல்லூரிக்குப் போனபிறகுதான் உன் முகம் தெளிந்தது. உன் கோடு எனக்குப் புரியாவிட்டால் அதை அழித்து என் கோட்டைப் போட்டுவிடுகிறேன், அன்பு என்று நினைத்துக்கொண்டு. வேலையில் தினமும் கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு எங்கே ஓட்டை என்று தேடுகிறவள் நான். ஒரு சொட்டு கசிந்தாலும் அந்தத் தொகுதியையே நிறுத்திவிடுவேன். வீட்டுக்கு வந்தால் இப்படி.

இன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். என் போனில் இடமில்லை என்று வந்துகொண்டே இருந்தது. பழைய படங்களை அழிக்க உட்கார்ந்தேன். அங்கே பவி அன்று எடுத்தது இருந்தது. நீ வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாய். அண்ணன் பிக்கப்புக்கு நெயில் பாலிஷ் போடுகிறான் என்று கீழே எழுதி வைத்திருக்கிறாள், யாருக்கும் அனுப்பாமலே விட்டிருக்கிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கிரீஸ் அடிக்கிற சின்ன நிப்பிள் தெரிகிறது. அதற்கு நேர் எதிரே, மற்றப் பாதியில், குழாயோடு ஒட்டவைத்த சின்னச் சதுரத் தகடு. உன் கோடு நிப்பிளிலிருந்து தகட்டுக்கு ரூல் வைத்த மாதிரி ஓடுகிறது. பிறகு நான் பூஜைக்கு எடுத்த படத்தைத் தேடி எடுத்தேன். அதில் நிப்பிள் பக்கம் என் கோடு சரியாகத்தான் விழுந்திருக்கிறது. தகட்டுப் பக்கம், தகட்டிலிருந்து ஒரு விரல் தள்ளிப் போட்டிருக்கிறேன், சந்தனப் பொட்டுக்கு நேராக.

இரண்டு படத்தையும் இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே அனுப்புகிறேன். எழுந்ததும் வண்டிக்கு அடியில் போய் அந்த நிப்பிளையும் தகட்டையும் பார். ஒன்றுக்கொன்று நேராக இல்லையென்றால், டூல்ஸ் பெட்டி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. நோட்டில் நீ சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்: கட்டை வை, ஸ்டாண்டில் நிறுத்து, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதே. கழற்றி, பற்களிலிருந்து இழுத்து, நிப்பிளும் தகடும் நேராக வரும்படி திருப்பிச் சேர். ஆறு மாதம் அதிர்ந்த வண்டி, போல்ட்டுகள் தளர்ந்திருக்கும், நீ மாற்றிய நடு பேரிங்கும் புது ஜாயின்ட்டும் அடிவாங்கியிருக்கும், அவற்றையும் முறுக்கிப் பார். எழுபதுக்கு மேல் போவதில்லை, பழகிவிட்டது என்று போன மாதம் சொன்னாயே, அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அதற்குப் பழகாதே தம்பி. உனக்கு நான் சொல்ல உருப்படியான புத்தி ஒன்றுதான் இருக்கிறது: அடுத்த தடவை மையால் கோடு போடாதே. இரும்பிலேயே ஆணிமுனையால் புள்ளி அடித்து வை. யார் துடைத்தாலும் போகாது, உன் அம்மாவே துடைத்தாலும்.

நான் படத்தில் பார்ப்பது தப்பாகவும் இருக்கலாம், அதையும் சொல்லிவிடவேண்டும். நான் வண்டி படித்தவள் இல்லை. இரண்டும் நேராகவே இருந்து, நடுக்கம் வேறெதனாலோ வந்தது என்றாலும், நான் அழித்துப் போட்டது போட்டதுதான், மறைத்தது மறைத்ததுதான். ஒன்று மட்டும் நிச்சயம். உன் கைதான் காரணம் என்று நீ முடிவு கட்டியது ஒரு பொய்க் கோட்டைப் பார்த்து. அந்த முடிவை வைத்துப் பெட்டியை விற்காதே. சரியான கோட்டைப் பார்த்தபிறகும் விற்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் அது உன் இஷ்டம். நான் குறுக்கே வரமாட்டேன், படிவம் எதுவும் நிரப்பமாட்டேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு, பவி அறைக்குப் போனதும், இரண்டு படத்தையும் மேசைமேல் வைத்துச் சொன்னேன். கத்துவார் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தேன். கத்தவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப அவன் போட்ட கோடு சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் சொன்னார், என்னிடம் இல்லை, படத்திடம். இன்றைக்கே தம்பிக்கு எழுதப்போகிறேன், நீங்கள் வருத்தப்படுகிறீர்கள் என்று உங்களுக்கும் சேர்த்து நாலு வரி எழுதட்டுமா என்று கேட்டேன். பழக்கதோஷம். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொன்னது என் வாயால சொன்னது. நீ எழுதாத. நானே சொல்லிக்கிறேன்." அதனால் அவரைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரியும் நான் எழுதவில்லை. அவர் எப்போது சொல்வார், எப்படிச் சொல்வார், தெரியாது. நீ வருவதாகச் சொன்ன சனிக்கிழமை கூடார வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிப் போனில் பேசிக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது.

இரண்டு மணி ஆகப்போகிறது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இரண்டு மூன்று இடத்தில் அடித்துத் திருத்தலாம் என்று தோன்றியது, வெள்ளை மை பக்கத்திலேயே இருக்கிறது. திருத்தவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

நீ கோபப்படலாம். பேசாமல் இருக்கலாம். ஆனால் எழுந்ததும், வண்டியை எடுப்பதற்கு முன்னால், அடியில் போய்ப் பார்த்துவிட்டு, நேராக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எனக்கு எழுது. சீக்கிரம் எழுது தம்பி.

அம்மா